கட்டம் கட்டும் கட்டளைகள்: நான்கு கோடுகளுக்குப் பின்னால் உள்ள அளவுக் கணக்கு

ஒரு சூத்திரத்தையோ, எச்சரிக்கையையோ, வினாத்தாளின் முகப்பில் வரும் குறிப்பையோ மற்றப் பகுதியிலிருந்து பிரித்துக் காட்ட அதைச் சுற்றிக் கட்டம் கட்டுவது அச்சுத்தொழிலின் பழைய வழக்கம். நாளிதழ்களில் பெட்டிச் செய்தி என்று சொல்லப்படுவதும் அதுதான். சொற்செயலிகளில் சுட்டியால் இரண்டொரு முறை சொடுக்கினால் முடிந்துவிடும் இந்த வேலை, கட்டளைகளை எழுதி ஆவணம் அமைக்கும் லேடெக் போன்ற மென்பொருள்களில் புதியவர்களைத் திகைக்க வைக்கிறது. கட்டத்தின் வலக்கோடு பக்க ஓரத்தைத் தாண்டிப்போய் நிற்கிறது. நீண்ட வாக்கியம் மடங்காமல் தாளைவிட்டே வெளியேறுகிறது. ஒன்றரைப் பக்கம் வரவேண்டிய கட்டம் தாளின் அடிவிளிம்புக்குக் கீழே போய் மறைந்துவிடுகிறது.

மூன்றும் வெவ்வேறு பிழைகள்போலத் தோன்றினாலும் வேர் ஒன்றே. இந்த மென்பொருள்களில் கட்டம் என்பது எழுத்தின் மேல் வரையப்படும் உருவம் அன்று. அளவுகளைக் கூட்டிக் கட்டி எழுப்பப்படும் ஒரு பெட்டி. ஆகவே இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும். அகலம் என்று நாம் ஓர் அளவைக் கொடுக்கும்போது அது எதனுடைய அகலம்? ஒருமுறை கட்டிய பெட்டியைப் பிறகு இரண்டாகப் பிரிக்க முடியுமா?

(கட்டளைப் பெயர்கள் இங்கே ஒலிப்படி தரப்படுகின்றன. கோப்பில் எழுதும்போது பின்சாய்கோட்டை இட்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அவற்றை எழுத வேண்டும்.)

பக்கம் என்பதே பெட்டிகளின் அடுக்கு

கட்டளைகளால் கட்டம் கட்டும் வழக்கம் லேடெக்குக்கு முந்தியது. பெல் ஆய்வகத்தில் 1970களில் யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வளர்ந்த டிராஃப் என்னும் மென்பொருளில், வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளியும் பி-எக்ஸ் என்ற இரண்டு எழுத்துகளும் இட்டால் அடுத்து வரும் சொல்லைச் சுற்றிக் கட்டம் விழும். ஒரு பகுதி முழுவதையும் கட்டத்துக்குள் வைக்க, முன்னால் பி-1 என்றும் பின்னால் பி-2 என்றும் இடவேண்டும். அட்டவணைகளுக்கென்று மைக் லெஸ்க் எழுதிய டிபிஎல் நிரலில், வெளிக்கட்டம் மட்டும் போதுமா, ஒவ்வொரு அறைக்கும் கட்டம் வேண்டுமா, இரட்டைக் கோட்டுக் கட்டமா என்பதை ஒற்றைச் சொல்லால் குறிப்பிடலாம். அச்சுப்பொறியின்றி முனையத் திரையில் மட்டும் பார்ப்பவர்களுக்குச் சிறுகோடுகளும் செங்குத்துக் கோட்டுக் குறிகளுமே கட்டமாகத் தெரிந்தன.

கட்டத்தை ஒரு தனி வசதியாக அல்லாமல், பக்க அமைப்பின் அடிப்படைத் தத்துவத்திலிருந்தே பெற்றுக்கொள்ளும் முறை டெக் மென்பொருளோடு வந்தது. தம் நூலின் இரண்டாம் பதிப்புக்கு வந்த அச்சுப்படிகளின் தோற்றம் பிடிக்காமல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணினியியல் பேராசிரியர் டொனால்ட் குனூத் 1977இல் அதை உருவாக்கத் தொடங்கினார். அதன்மேல் 1980களின் முற்பகுதியில் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய கட்டளைத் தொகுதியே லேடெக். இன்று புழங்கும் லேடெக்கின் அடித்தளம் 1994இல் வெளியான பதிப்பு.

டெக்கின் பார்வையில் ஓர் எழுத்தும் பெட்டி. எழுத்துகள் வரிசையாகச் சேர்ந்த வரியும் பெட்டி. வரிகள் அடுக்கிய பக்கமும் பெட்டி. எழுத்தின் வடிவம் எப்படி இருக்கிறது என்பதை டெக் பார்ப்பதே இல்லை. அதற்குத் தெரிந்தவை ஒவ்வொரு பெட்டியின் மூன்று அளவுகள் மட்டுமே: அகலம், எழுத்துகள் நிற்கும் கோட்டுக்கு மேலே உள்ள உயரம், அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கும் ஆழம். எழுத்துகள் நிற்கும் அந்தக் கோட்டை இனி நிலைக்கோடு என்று குறிப்போம்.

பெட்டிகளைச் சேர்க்க இரண்டு வழிகள் உள்ளன. பக்கவாட்டில் ஒட்டிச் சேர்ப்பது கிடைப்பெட்டி. ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது நெடும்பெட்டி. இவற்றுக்கு நடுவே இடைவெளியையும் வைக்கலாம், கோட்டையும் வைக்கலாம். டெக்கில் கோடு என்பதும் மை பூசப்பட்ட ஒரு செவ்வகப் பெட்டிதான். நான்கு கோடுகளையும் ஒரு பெட்டியையும் சரியான வரிசையில் சேர்த்தால் கட்டம் கிடைத்துவிடும்.

கோட்டுக்குத் தன் நீளம் எப்படித் தெரிகிறது

கட்டத்துக்குள் வரும் சொல் சிறியதா பெரியதா என்பது முன்கூட்டித் தெரியாது. அப்படியிருக்க, கோட்டின் நீளத்தை யார் அளந்து சொல்வது? யாரும் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் இந்த வடிவமைப்பின் அழகு. ஒரு செங்குத்துக் கோட்டுக்கு உயரம் குறிப்பிடாமல் விட்டால், அது தன்னைச் சுற்றியுள்ள கிடைப்பெட்டியின் உயரமும் ஆழமும் எவ்வளவோ அவ்வளவுக்குத் தானே நீளும். கிடைக்கோட்டுக்கு அகலம் குறிப்பிடாமல் விட்டால், தன்னைச் சுற்றியுள்ள நெடும்பெட்டியின் அகலத்துக்கு நீளும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு, எஃப்பாக்ஸ் என்னும் லேடெக் கட்டளை பின்வருமாறு கட்டத்தை எழுப்புகிறது.

1. உள்ளே வரவேண்டியதை ஒரு கிடைப்பெட்டியில் இட்டு, அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் சிறிது வெற்றிடம் சேர்க்கிறது.

2. அந்தப் பெட்டியை ஒரு நெடும்பெட்டிக்குள் வைத்து, மேலும் கீழும் அதே அளவு வெற்றிடம் சேர்க்கிறது.

3. கிடைத்ததை இன்னொரு கிடைப்பெட்டிக்குள் வைத்து, இருபுறமும் செங்குத்துக் கோடுகளை நிறுத்துகிறது. உயரம் சொல்லப்படாததால் அவை வெற்றிடத்தையும் சேர்த்து முழு உயரத்துக்கு நீள்கின்றன.

4. அதையும் ஒரு நெடும்பெட்டிக்குள் வைத்து, மேலும் கீழும் கிடைக்கோடுகளை இடுகிறது. இவை செங்குத்துக் கோடுகளின் தடிமனையும் உள்ளடக்கி நீள்வதால் நான்கு மூலைகளும் இடைவெளியின்றி மூடிக்கொள்கின்றன.

5. உள்ளிருக்கும் எழுத்தின் ஆழம், கீழ் வெற்றிடம், கீழ்க்கோட்டின் தடிமன் ஆகிய மூன்றையும் கூட்டிய அளவுக்கு முழுக் கட்டத்தையும் கீழே இறக்குகிறது. அதனால் கட்டத்துக்குள் இருக்கும் சொல்லும் வெளியே இருக்கும் சொற்களும் ஒரே நிலைக்கோட்டில் நிற்கின்றன.

ஐந்தாம் படி கண்ணுக்குத் தெரியாத நுட்பம். அது இல்லையென்றால் வரியின் நடுவே கட்டமிட்ட சொல் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். டெக்கின் அடிப்படைக் கட்டளைகளால் சொந்தமாகக் கட்டம் கட்ட முயல்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

மேற்கண்ட படிகளில் வரும் வெற்றிடத்துக்கு எஃப்பாக்ஸ்செப் என்றும் கோட்டின் தடிமனுக்கு எஃப்பாக்ஸ்ரூல் என்றும் பெயர். மாற்றாமல் விட்டால் முன்னது 3 பாயின்ட், பின்னது 0.4 பாயின்ட். டெக்கின் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 72.27 பாயின்ட் என்பதால், வெற்றிடம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், கோடு 0.14 மில்லிமீட்டர். இவை ஆவணம் முழுவதற்கும் பொதுவான அளவுகள். ஒரு கட்டத்துக்கு மட்டும் மாற்ற விரும்பினால், மாற்றத்தையும் கட்டத்தையும் சேர்த்து அடைப்புக்குறிக்குள் வைத்துவிட வேண்டும். இல்லையெனில் அதற்குப் பின்வரும் கட்டங்கள் எல்லாம் தடித்துவிடும்.

வரி ஏன் மடங்குவதில்லை

எஃப்பாக்ஸ் தன் உள்ளடக்கத்தைக் கிடைப்பெட்டியில் வைக்கிறது என்பதை மேலே பார்த்தோம். கிடைப்பெட்டி என்பது முடிவில்லாத ஒற்றை வரி. பத்தியை வரிகளாக மடிக்கும் வேலை அதற்குள் நடப்பதே இல்லை. ஆகவே ஒரு பத்தியை நேரடியாக எஃப்பாக்ஸுக்குள் இட்டால் அது மடங்காமல் தாளுக்கு வெளியே ஓடும். பத்தியைக் கட்டத்துக்குள் வைக்க வேண்டுமானால், முதலில் மினிபேஜ் என்னும் சூழலில் (தொடக்கக் கட்டளைக்கும் முடிவுக் கட்டளைக்கும் இடையே அமையும் பகுதியே சூழல்) அதற்கு ஓர் அகலம் கொடுத்து மடித்து, மடிந்த அந்தப் பெட்டியை எஃப்பாக்ஸுக்குள் இடவேண்டும். சிறிய குறிப்புகளுக்குப் பார்பாக்ஸ் என்னும் கட்டளையே போதும்.

ஒரு சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது

மினிபேஜின் அகலமாக எதைக் கொடுப்பது? வரியின் முழு அகலத்தைக் குறிக்கும் லைன்விட்த் என்பதைத்தான் எல்லோரும் இயல்பாகக் கொடுக்கிறார்கள். வலக்கோடு ஓரத்தைத் தாண்டுவது இங்கேதான் தொடங்குகிறது.

10 பாயின்ட் எழுத்தில் அமைந்த லேடெக்கின் வழக்கமான ‘கட்டுரை’ ஆவண வகையில் வரியின் அகலம் 345 பாயின்ட். மினிபேஜ் அந்த 345 பாயின்டையும் தானே எடுத்துக்கொள்கிறது. அதன் இருபுறமும் 3 பாயின்ட் வெற்றிடமும் 0.4 பாயின்ட் கோடும் சேர்கின்றன. மொத்தம் 351.8. வரிக்குள் அடங்காமல் 6.8 பாயின்ட், அதாவது 2.4 மில்லிமீட்டர், வெளியே நிற்கிறது. மென்பொருள் தன் செய்திகளை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பில் ஓவர்ஃபுல் ஹெச்பாக்ஸ் என்ற எச்சரிக்கையோடு 6.79999 பாயின்ட் என்று அச்சாவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த விசித்திர எண்ணுக்கும் காரணம் உண்டு. டெக் எல்லா நீளங்களையும் ஒரு பாயின்டின் 65,536இல் ஒரு பங்காகிய மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகவே வைத்திருக்கிறது. 0.4 பாயின்ட் என்பது அந்த அலகில் 26,214.4, முழு எண்ணாக்கினால் 26,214. இரண்டு கோடுகளுக்கும் இந்தச் சிறு இழப்பு சேரும்போது 0.8 என்பது 0.79999 ஆகிவிடுகிறது. இந்த எண்ணைப் பதிவுக் கோப்பில் கண்டால், கட்டத்தின் அகலக் கணக்கில்தான் தவறு என்று நம்பிச் சொல்லலாம்.

பிழை பெரும்பாலும் இதோடு நிற்பதில்லை. கட்டம் ஒரு புதிய பத்தியின் தொடக்கமாக அமைந்தால், பத்தித் தொடக்கத்துக்கான 15 பாயின்ட் இடம் அதன் முன்னால் சேர்ந்துகொள்ளும். எஃப்பாக்ஸின் திறப்பு அடைப்புக்குறிக்குப் பிறகு அடுத்த வரிக்குப் போய் மினிபேஜைத் தொடங்கினால், அந்த வரி முறிவை டெக் ஒரு சொல் இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். மினிபேஜை முடித்துவிட்டு அடுத்த வரியில் அடைப்புக்குறியை மூடினால் இன்னோர் இடைவெளி. டெக்கின் இயல்பான எழுத்துருவில் ஒரு சொல் இடைவெளி 3.33 பாயின்ட். எல்லாவற்றையும் கூட்டினால்: 6.8, 15, 3.33, 3.33. மொத்தம் ஏறத்தாழ 28.5 பாயின்ட், அதாவது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். ஆவணத்தை எழுதியவர் எங்கும் ஒரு சென்டிமீட்டர் என்று குறிப்பிடவில்லை. கண்ணில் படாத நான்கு சேர்க்கைகள் சேர்ந்து அதைக் கொண்டுவந்துவிட்டன.

திருத்தமும் அதே வரிசையில் அமைகிறது.

1. மினிபேஜின் அகலத்தை, லைன்விட்திலிருந்து எஃப்பாக்ஸ்செப்பின் இருமடங்கையும் எஃப்பாக்ஸ்ரூலின் இருமடங்கையும் கழித்துக் கொடுக்க வேண்டும். 338.2 என்று எண்ணாக எழுதிவிடுவது தவறு. நாளை கோட்டின் தடிமனை மாற்றினால் கணக்கு மீண்டும் பிசகும். கழித்தலை டெக்கே செய்யும்படி டைமெக்ஸ்பர் என்னும் அளவுக் கணக்குக் கட்டளையைப் பயன்படுத்துவதே முறை.

2. கட்டத்துக்கு முன்னால் நோஇன்டென்ட் கட்டளையை இட்டுப் பத்தித் தொடக்க இடத்தை நீக்க வேண்டும்.

3. எஃப்பாக்ஸின் திறப்புக் குறிக்குப் பின்னும் மினிபேஜின் முடிவுக்குப் பின்னும் வரியின் இறுதியில் சதவீதக் குறி இட வேண்டும். அந்தக் குறிக்குப் பின்வருவதை டெக் படிப்பதில்லை. வரி முறிவும் அதில் அடங்கும்.

டெக்ஸ்ட்விட்த் என்ற அளவை விட்டு லைன்விட்தைத் தேர்ந்ததற்கும் காரணம் இருக்கிறது. எண்ணிட்ட பட்டியலுக்குள் கட்டம் வந்தால் வரி குறுகியிருக்கும். லைன்விட்த் அந்தக் குறுகிய அகலத்தைச் சொல்லும்; டெக்ஸ்ட்விட்த் பக்கத்தின் அகலத்தையே சொல்லிக்கொண்டிருக்கும்.

அகலம் எதனுடையது

சுவரில் மாட்டும் படத்துக்குச் சட்டம் போடச் சொல்லி ஒரு முழம் என்று அளவு கொடுத்தால், தச்சர் கேட்கும் முதல் கேள்வி, அது படத்தின் அளவா, சட்டத்தின் வெளியளவா என்பதாகத்தான் இருக்கும். லேடெக் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எந்தக் கட்டளையைப் பயன்படுத்துகிறோமோ அதற்கேற்ப விடையைத் தானே எடுத்துக்கொள்கிறது.

எஃப்பாக்ஸுக்குள் மினிபேஜ் வைக்கும்போது கொடுக்கும் அகலம் உள்ளடக்கத்தினுடையது. வெற்றிடமும் கோடும் அதற்கு வெளியே சேரும். ஆனால் ஃபிரேம்பாக்ஸ் என்னும் இன்னொரு கட்டளைக்குச் சதுர அடைப்புக்குள் கொடுக்கும் அகலம் கட்டத்தின் வெளியளவு. வெற்றிடமும் கோடும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். 5 சென்டிமீட்டர் என்றால் கோட்டின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை 5 சென்டிமீட்டர்தான். இந்த இரண்டு கட்டளைகளையும் ஒன்றின் சுருக்கம் மற்றொன்று என்றே பல அறிமுகப் பாடங்கள் சொல்லிவிட்டுப் போகின்றன. அகலம் கொடுக்காதவரை அது சரி, கொடுத்துவிட்டால் சரியல்ல. ஃபிரேம்பாக்ஸில் வேறோர் ஆபத்தும் உண்டு. உள்ளே வரும் சொல் கொடுத்த அகலத்தைவிட நீளமாக இருந்தால், அது கோட்டைத் தாண்டி இருபுறமும் நீட்டிக்கொண்டு நிற்கும். எச்சரிக்கை எதுவும் வராது.

வலைப்பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியிலும் இதே கேள்வி பெரும் குழப்பத்தை உண்டாக்கியது. 1996இல் வெளியான அதன் முதல் வரையறை, அகலம் என்பது உள்ளடக்கத்தின் அகலம் என்றது. விண்டோஸுக்கான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியோ அதை வெளியளவாகக் கொண்டது. ஒரே பக்கம் ஓர் உலாவியில் சரியாகவும் மற்றொன்றில் கோடு தள்ளியும் தெரிந்தது. 2001இல் வந்த ஆறாம் பதிப்பு, நெறிப்படி எழுதிய பக்கங்களில் வரையறையைப் பின்பற்றத் தொடங்கியது. பின்னாளில் பாக்ஸ்-சைசிங் என்ற பண்பு சேர்க்கப்பட்டு, எந்த அகலம் என்பதை எழுதுபவரே அறிவிக்க வழி வந்தது. இன்று வலைவடிவமைப்பாளர்களில் பலர் முதல் வேலையாக அந்தப் பண்பை வெளியளவு என்று மாற்றிவிடுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. வரையறையில் தவறிய அந்தப் பழைய உலாவி, பயன்படுத்துபவரின் மனக்கணக்குக்கு நெருக்கமாக இருந்திருக்கிறது.

தமிழ்ச் சொற்களைக் கட்டமிடும்போது

டெக்கின் வழிவந்த ஸீடெக், லுவாடெக் ஆகிய மென்பொருள்கள் யூனிகோடு எழுத்துருக்களை நேரடியாக ஏற்பதால், தமிழ்ச் சொற்களையும் இதே கட்டளைகளால் கட்டமிடலாம். ஆனால் ஒரே வரியில் பட, கிளி, பழம் என்ற மூன்று சொற்களைத் தனித்தனியாகக் கட்டமிட்டால் மூன்று கட்டங்களும் மூன்று உயரங்களில் விழும். முதற்சொல்லில் மேலே எழுவதும் இல்லை, கீழே இறங்குவதும் இல்லை. இரண்டாவதில் இகரக் குறி மேலே எழுகிறது. மூன்றாவதில் மெய்ப்புள்ளி மேலேயும் ழகரத்தின் கால் கீழேயும் இடம் கேட்கின்றன. கட்டம் எழுத்தின் உண்மையான உயரத்தையும் ஆழத்தையும் வைத்தே எழுவதால் இது தவிர்க்க முடியாதது. ஆங்கிலச் சொற்களிலும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு.

இதற்கு ஸ்ட்ரட் என்னும் கட்டளை உதவும். அது அகலமே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத ஒரு தூண். வரி இடைவெளியில் பத்தில் ஏழு பங்கு உயரமும் மூன்று பங்கு ஆழமும் அதற்கு உண்டு. 12 பாயின்ட் வரி இடைவெளியில் 8.4 பாயின்ட் உயரம், 3.6 பாயின்ட் ஆழம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அதை இட்டுவிட்டால் குட்டையான சொற்களின் கட்டங்களும் அந்த அளவுக்கு உயர்ந்துவிடும். இந்த விகிதம் ரோமன் எழுத்தை மனத்தில் வைத்து அமைந்தது. தமிழ் எழுத்துருவின் மேற்குறியோ கீழ்ச்சுழியோ அந்த எல்லையை மீறினால், அந்த எழுத்துருவிலேயே மிக உயர்ந்ததும் மிக ஆழமானதுமான எழுத்துகளை வீஃபேன்டம் என்னும் கட்டளைக்குள் கொடுத்துத் தூணைச் சொந்தமாக அமைத்துக்கொள்ள வேண்டும்.

பத்தியின் நடுவே கட்டமிட்ட சொல் வந்தால் மேலும் கீழும் 3.4 பாயின்ட் கூடுவதால், மேல்வரியோடு மோதாதிருக்க டெக் அந்த இரண்டு வரிகளை மட்டும் விலக்கி வைக்கும். எஃப்பாக்ஸ்செப்பை 1 பாயின்டாகக் குறைத்தால் பெரும்பாலும் இது மறையும்.

கட்டத்துக்குள் வர மறுப்பவை

சிலவற்றை எஃப்பாக்ஸுக்குள் இட்டால் பிழைச்செய்தி வரும், அல்லது எதிர்பாராத இடத்தில் அவை முளைக்கும்.

நிரல்வரிகளை உள்ளபடியே அச்சிடும் வெர்பேட்டிம் சூழல் முதலாவது. பின்சாய்கோடு, சதவீதக் குறி ஆகியவற்றின் சிறப்புப் பொருளை நீக்கிவிட்டுப் படிப்பதே அதன் வேலை. ஆனால் எஃப்பாக்ஸ் தன் அடைப்புக்குறிக்குள் இருப்பதை முழுவதும் படித்து முடித்த பிறகே செயல்படத் தொடங்கும். அதற்குள் அந்தக் குறிகள் பழைய பொருளிலேயே படிக்கப்பட்டுவிடும். பிறகு மாற்ற இயலாது. நடுவில் மினிபேஜ் வைத்தாலும் பயனில்லை, ஏனெனில் அதுவும் அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது. எல்ஆர்பாக்ஸ் என்னும் சூழலுக்குள் மினிபேஜ் வைத்து நிரல்வரிகளை முதலில் ஒரு பெட்டியாகச் சேமித்து, சேமித்த பெட்டியை எஃப்பாக்ஸுக்குள் அழைப்பதே வழி.

அடிக்குறிப்பு இரண்டாவது. மினிபேஜுக்குள் இட்ட அடிக்குறிப்பு பக்கத்தின் அடிக்குப் போகாமல் கட்டத்துக்குள்ளேயே கடைசியில் விழும். எண்ணுக்குப் பதில் ஆங்கிலச் சிறிய எழுத்தால் குறிக்கப்படும். குறிப்பு கட்டத்தோடு சேர்ந்தது என்று கொண்டால் இது நியாயமான நடத்தைதான். படங்களையும் அட்டவணைகளையும் பக்கத்தில் நகர்த்தி வைக்கும் மிதவைச் சூழல்கள் மூன்றாவது. பெட்டிக்குள் அடைபட்டது மிதக்க முடியாது என்பதால் லேடெக் பிழை காட்டி நின்றுவிடும்.

பக்கம் முடியும் இடத்தில்

எல்லாவற்றிலும் கடினமான சிக்கல் பக்க முறிவு. டெக் வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போய், பக்கம் நிறையும் இடத்தில் இரண்டு வரிகளுக்கு இடையே முறிக்கிறது. கட்டமோ எத்தனை வரிகளைக் கொண்டிருந்தாலும் டெக்கின் கணக்கில் ஒரே ஒரு பெட்டி; ஓர் எழுத்தைப் போலவே அதையும் நடுவில் வெட்ட முடியாது. இடம் போதாவிட்டால் முழுக் கட்டமும் அடுத்த பக்கத்துக்குப் போகும்; முந்தைய பக்கத்தின் அடியில் பெரிய வெற்றிடம் விழும். கட்டமே ஒரு பக்கத்தைவிட நீளம் என்றால் அடுத்த பக்கத்திலும் அடங்காமல் தாளுக்குக் கீழே ஓடிவிடும்.

எனவே முறியும் கட்டத்துக்கு வேலையின் வரிசையையே மாற்ற வேண்டியிருக்கிறது. கட்டிய கட்டத்தை உடைப்பதற்குப் பதில், உடைத்த பிறகு கட்டம் கட்ட வேண்டும்.

1. உள்ளடக்கத்தைக் கோடுகள் இல்லாமல் ஒரு நெடும்பெட்டியில் அமைத்து வைத்துக்கொள்வது.

2. நடப்புப் பக்கத்தில் இன்னும் எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது என்று அளந்து, மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் வெற்றிடத்துக்கும் வேண்டியதை அதில் கழிப்பது.

3. வீஸ்பிளிட் என்னும் டெக்கின் அடிப்படைக் கட்டளையால் அந்த அளவுக்கு மட்டும் நெடும்பெட்டியிலிருந்து ஒரு துண்டை நறுக்கி எடுப்பது.

4. அந்தத் துண்டுக்குக் கட்டம் கட்டிப் பக்கத்தில் வைத்து, மிச்சம் தீரும்வரை அடுத்தடுத்த பக்கங்களில் இதையே தொடர்வது.

டொனால்ட் ஆர்சினோ எழுதிய ஃபிரேம்டு தொகுப்பு (லேடெக்கோடு கூடுதலாக அழைத்துக்கொள்ளும் கட்டளைத் தொகுப்பு) இந்த வழியில் இயங்குகிறது. தாமஸ் ஸ்டர்ம் எழுதிய டிகலர்பாக்ஸ் தொகுப்பு, பிரேக்கபிள் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் இதையே வண்ணப் பின்னணி, தலைப்புப் பட்டை முதலியவற்றோடு செய்கிறது. டிகலர்பாக்ஸில் அகலம் என்பது வெளியளவு. மாற்றாவிட்டால் அது லைன்விட்துக்குச் சமம் என்பதால், மேலே சொன்ன 6.8 பாயின்ட் சிக்கல் அங்கே எழுவதே இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதையே பரிந்துரைக்கலாம். ஆனால் முறியும் கட்டத்துக்குள் இன்னொரு கட்டத்தை வைத்தால் உள்கட்டம் முறியாது என்பதை அங்கும் நினைவில் கொள்ள வேண்டும்.

முறிந்த இடத்தில் கோடு எப்படித் தெரிய வேண்டும் என்பது கணக்குக்கு அப்பாற்பட்ட, வடிவமைப்பாளர் முடிவெடுக்க வேண்டிய விஷயம். ஒவ்வொரு துண்டையும் நான்கு கோடுகளாலும் மூடலாம்; ஃபிரேம்டு தொகுப்பின் இயல்பான நடத்தை அதுதான். அல்லது முதல் துண்டின் அடியையும் அடுத்த துண்டின் தலையையும் திறந்தே விடலாம். சிஎஸ்எஸ் மொழி இவ்விரண்டையும் குளோன், ஸ்லைஸ் என்று பெயரிட்டுப் பிரித்து, திறந்து விடுவதை இயல்பாகக் கொண்டிருக்கிறது. மூடிய கோடு, அந்தக் குறிப்பு அங்கேயே முடிந்துவிட்டதாக வாசகரை நம்ப வைத்துவிடும். மருந்து அளவு, சட்ட நிபந்தனை, பாதுகாப்பு எச்சரிக்கை போன்றவற்றில் அப்படி ஒரு நம்பிக்கை ஏற்படக் கூடாது. அங்கெல்லாம் திறந்த கோடே பொருத்தம். ஒன்றுக்கொன்று தொடர்பற்ற சிறு குறிப்புகளின் தொகுப்பு என்றால் மூடியே விடலாம்.

முறிதலில் இரண்டு மொழிகளும் எதிரெதிரான இடத்திலிருந்து தொடங்குகின்றன. வலைப்பக்கத்தை அச்சிடும்போது கட்டம் இயல்பாகவே முறியும். முறியக் கூடாதென்றால் பிரேக்-இன்சைடு என்ற பண்பால் தடுக்க வேண்டும். லேடெக்கில் கட்டம் இயல்பாக முறியாது. முறிய வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு தொகுப்பை அழைக்க வேண்டும். வினாத்தாளில் மதிப்பெண் எழுதுவதற்கான கட்டம், படிவத்தில் கையொப்பமிடும் கட்டம், ஒரே பார்வையில் படிக்க வேண்டிய சூத்திரம் ஆகியவற்றுக்கு முறியாத எஃப்பாக்ஸே சரியானது. அரைப் பக்கத்துக்கு மேல் நீளக்கூடிய விளக்கக் குறிப்புகளுக்குத் தொடக்கத்திலேயே முறியும் கட்டத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. நூல் முழுவதும் எழுதிய பிறகு மாற்ற முனைந்தால் உள்ளிருக்கும் அடிக்குறிப்புகளையும் நிரல்வரிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.